வீட்டுக்கு ஒரு நம்பர்

அந்த கிளினிக்கில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. நெக்ஸ்ட் அக்கா என்றால் தெரியும். டாக்டர் அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்த மறு நொடி, வரவேற்பு மேசையிலிருந்து கூடமே அதிர "நெக்ஸ்ட்!" என்று ஒரு குரல் எழும்பும். காது மந்தமான பெரியவர்கள்கூட முதல் குரலுக்கே எழுந்துவிடுவார்கள். அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளும் எழுந்துவிடும். அதற்கு அவள் பொறுப்பல்ல.

பணிவு என்கிற சாமான் அவளிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பிரம்போடு வந்த ஆசிரியை "கையை நீட்டு" என்றதற்கு, "எதுக்குன்னு சொல்லுங்க, நீட்டறேன்" என்று கேட்டுவிட்டு இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டவள். கிளினிக்கில் மின்விசிறி மாட்ட வந்த ஒயர்மேன் வேலையை முடிக்காமல் ஒயரைத் தொங்கவிட்டுப் போனபோது, தெருவரை துரத்திக்கொண்டு போய்த் திட்டினாள். அவர் திரும்பி வந்து ஒயரைச் சரி செய்தார். அதற்குப் பிறகு கூப்பிடாமலேயே வந்து எல்லா சுவிட்சையும் சோதித்துப் பார்த்தார். கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். "அன்னிக்கு ஆரம்பிச்ச திட்டு, இன்னும் முடியல" என்று இப்போதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் பெருமைதான் இருக்கும்.

ஒரு தடவை, பின்னால் நாலு ஆட்களோடு வந்த ஒரு பெரிய மனிதர் வரிசையைத் தாண்டி டாக்டர் அறைக் கதவில் கை வைத்தார். காய்ச்சலாம். இவள் எழுந்து போய்க் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "உங்க காய்ச்சலுக்கும் இந்தக் கூலிக்காரர் காய்ச்சலுக்கும் ஒரே தெர்மாமீட்டர்தான். உக்காருங்க." உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு மின்விசிறியைத் தன் பக்கமிருந்து திருப்பியும் விட்டாள். கோபம் வேறு, ஈவு இரக்கம் வேறு என்பது அவள் கணக்கு.

அவளுடைய வேலையில் பாதி போனில்தான் நடந்தது. மறுநாள் வரவேண்டியவர்களையெல்லாம் முந்தின மாலையே கூப்பிட்டு ஞாபகப்படுத்த வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர் சாப்பிடாமல் வரவேண்டும் என்று சொல்லவேண்டும். சொன்னாலும், "ஒரே ஒரு பிஸ்கட்தான் சாப்பிட்டேன்" என்று ஒருவர் வந்து நிற்பார். போனை எடுக்காதவர்கள் ஒரு ரகம். எடுத்துவிட்டு வைக்காதவர்கள் ஒரு ரகம். காது சூடேறி, இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றி, அதுவும் சூடேறிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

ஆகவே மாப்பிள்ளை மென்பொருள் வாங்கியபோது அவள் எதிர்ப்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். மாப்பிள்ளை என்பது டாக்டருடைய மாப்பிள்ளை. கிளினிக் நிர்வாகம் அவர் கையில். டாக்டர் அவரை அப்படிக் கூப்பிடப் போக, நர்ஸ், மருந்துக்கடைக்காரர், தரை துடைக்கிற அம்மா என்று எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளை ஆகிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் வேகமாக முடிக்க வேண்டும் என்கிற வியாதி மட்டும் உண்டு.

"இனிமே நீங்க போன் பண்ணவே வேணாம். எல்லாம் தானா போயிடும். ஒரே ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும்" என்றார்.

"யாரு செட் பண்றது?"

"நீங்கதான்."

"அப்ப சரி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரையில் பெட்டி பெட்டியாக வரும். முதல் பெட்டியில் எது நடந்தால் என்று சொல்லவேண்டும். அடுத்ததில் யாருக்கு, அதற்கடுத்ததில் எப்போது, கடைசியில் என்ன செய்தி. பெட்டிகளை அம்புக்குறியால் கோத்துவிட்டால், அதற்குப் பிறகு மனிதக் கை படாமல் செய்தி கிளம்பிவிடும். நேரம் பதிவு செய்தால் ஒரு செய்தி. முந்தின நாள் ஒரு செய்தி. வராமல் போனால் ஒரு செய்தி. அவளுக்கு இது பிடித்துப்போயிற்று. இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றச் செய்த வேலையை ஒரு அம்புக்குறி செய்கிறதென்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

சண்டை வந்தது செய்தியின் வாசகத்தில்தான். அவள் முதலில் எழுதியது: "நாளை காலை வரவேண்டும். சாக்கு சொல்லக் கூடாது." மாப்பிள்ளை அதை அழித்துவிட்டு, "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று ஆரம்பித்தார்.

"நோயாளியப் போயி வாடிக்கையாளர்னா, அடிக்கடி வாங்கன்னு வாழ்த்தற மாதிரி இருக்கு" என்றாள்.

கடைசியில் "வணக்கம்" என்பதில் இருவரும் சமாதானம் ஆனார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் அவள் பிடிவாதமாக ஒரு வரி சேர்த்தாள்: "பிஸ்கட்டும் சாப்பாடுதான்." அந்த வாரம் வெறும் வயிற்றோடு வந்தவர்களைப் பார்த்து ரத்தம் எடுக்கிற நர்ஸே அசந்துபோனாள். நெக்ஸ்ட் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஒயர்மேனிடம் அம்புக்குறிகளைப் பற்றியே பேசினாள். "எனக்கும் ஒரு அம்பு போட்டு விடு, திட்டெல்லாம் போன்லயே வந்துடட்டும்" என்றார் அவர்.

அப்படிக் கோத்துக்கொண்டே போனதில் ஒன்று, ஊசி நினைவூட்டல். குறிப்பிட்ட இடைவெளியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களுக்கு, அந்த நாள் காலையில் செய்தி போகும். "வணக்கம். உங்கள் வீட்டு அட்டையில் உள்ளவருக்கு ஊசி போடும் நாள் இது. தவறாமல் வரவும்." எந்த ஊசி என்று எழுதவில்லை. நாகரிகமாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கேதான் அந்த கிளினிக்கின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே ஆளுக்கொரு அட்டை கிடையாது. வீட்டுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு நம்பர். அது பெரும்பாலும் வீட்டுத் தலைவர் நம்பராக இருக்கும். டாக்டர் கிளினிக் ஆரம்பித்த காலத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான் இருந்தது, அதனால் வந்த வழக்கம். இப்போது போன்கள் பெருகிவிட்டன. அட்டை மட்டும் அப்படியே இருந்தது. அந்த நம்பர்களைத்தான் அப்படியே வாரிக் கொண்டுவந்து மென்பொருளில் கொட்டியிருந்தார்கள்.

எதிர்வரிசையில் இருந்த பேக்கரியில் ஒருத்தி வேலை பார்த்தாள். மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷனுக்கும் மாமியாருக்கும் நாலாவது வேண்டும். அதனால் அவள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வேலைக்கு நடுவே ஓடிவந்து, கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு போவாள். புருஷனுக்குத் தெரியாது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் நெக்ஸ்ட் அக்காவுக்கும் மட்டும் தெரியும். நாள் நெருங்கியதும் நெக்ஸ்ட் அக்கா அவள் வீட்டு நம்பரைத் தொடவே மாட்டாள். பேக்கரிக்குப் போன் போட்டு, "நாளைக்கு ரெண்டு பன் எடுத்து வை" என்பாள். அவளுக்குப் புரிந்துவிடும். பன் வாங்க யாரும் போகமாட்டார்கள்.

அம்புக்குறி கோக்கும்போது இந்தப் பன் விஷயம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அது எங்கேயும் எழுதி வைத்த விஷயம் இல்லை. வாயிலேயே இருந்தது, வாயிலேயே தங்கிவிட்டது.

டாக்டர் வெளியூர் போயிருந்த ஒரு நாள். ஊசி, கட்டு மாற்றுவது மட்டும் நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒரு பத்துப் பேர் இருந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒருவர் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி வேகமாக உள்ளே வந்தார். பேக்கரிக்காரியின் புருஷன்.

"அக்கா, இது என்னக்கா?" என்று போனை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தாள். தான் எழுதிய வரிகள். தான் கோத்த அம்பு.

"எங்க வீட்ல யாருக்கும் ஊசி கிடையாதே? பசங்களுக்கெல்லாம் முன்னாடியே போட்டாச்சு. அம்மாவும் ஊசின்னா ஓடிடும். அப்ப அவளுக்குத்தானே? என்னக்கா அவளுக்கு? என்ன வியாதி?"

அவர் சண்டை போட வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டையெல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. வந்தவர் பயந்துபோய் வந்திருந்தார். "அவகிட்ட கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவா. வலியிலகூட வாயத் திறக்க மாட்டா. நீங்க சொல்லுங்கக்கா."

நர்ஸ் பின்னாலிருந்து வந்து அவள் காதில் சொன்னாள்: "ஆணி குத்தினதுக்கு ஊசின்னு சொல்லி அனுப்பிடு."

அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார். ஆனால் வீட்டுக்குப் போய், "எங்க ஆணி குத்துச்சு, காலைக் காட்டு" என்பார். இவள் சொல்லும் பொய்யை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டியவள் பேக்கரிக்காரி. அவளைக் கேட்காமல் ஒரு பெரிய தப்பு ஏற்கெனவே செய்தாயிற்று. கேட்காமல் இன்னொன்று செய்ய இவளுக்கு மனம் வரவில்லை.

"அவளுக்கு உயிருக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. "பாவம், கண்ணெல்லாம் கலங்கி நிக்கறான், சொல்லிடேம்மா" என்றாள் முழங்கால் வலிக்கு வந்த ஒரு அம்மா. சத்தம் கேட்டு மாப்பிள்ளை தன் அறையிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அட, இவ்வளவுதானா? அவர் புருஷன்தானே. அட்டை அவர் பேர்ல, நம்பர் அவரோடது. பார்த்துச் சொல்லிடுங்க" என்றார்.

"முடியாது."

"நான் சொல்றேன், சொல்லுங்க."

"நீங்க சொன்னாலும் முடியாது."

வேன்காரருடைய பயம் கோபமாக மாறிக்கொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் ஒரு பெண்பிள்ளை முடியாது என்கிறாள். "என் நம்பருக்குத்தானே வந்துச்சு? என் வீட்டு அட்டை, என் பொண்டாட்டி. எனக்குத் தெரியாம என்ன ஊசி?" என்று மேசையைத் தட்டினார்.

"நம்பர் உங்களோடது. உடம்பு அவளோடது" என்றாள் நெக்ஸ்ட் அக்கா. "நீங்க மேசைய உடைச்சாலும் என் வாயிலேர்ந்து வராது."

"சரி, நான் என் ரூம்லயே திறந்து பார்த்துச் சொல்றேன்" என்று மாப்பிள்ளை திரும்பினார்.

"தாராளமா திறங்க. யாரோட விவரத்த யாரு, எப்பத் திறந்தாங்கன்னு அதுல பதிவாகும். நீங்க வாங்கின சாஃப்ட்வேர்தான். டாக்டர் வந்ததும் நானே எடுத்துக் காட்டறேன்."

மாப்பிள்ளை பாதி வழியில் நின்றார். "நீங்க நாளையிலேர்ந்து வேலைக்கு வரவேண்டாம், தெரியுமா?" என்றார்.

"அத நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்கு வேலை இருக்கு."

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். பேக்கரி நம்பரைப் போட்டாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். இந்தத் தடவை பன் கிடையாது. எல்லோர் காதிலும் விழ, "கொஞ்சம் உடனே வா. உன் வீட்டுக்காரர் இங்க நிக்கறார். ஊசி நாள்னு அவர் போனுக்குச் செய்தி போயிடுச்சு. தப்பு என்னோடது. நான் வேற எதுவும் சொல்லல" என்றாள்.

பேக்கரிக்காரி முழங்கைவரை மாவோடு தெருவைத் தாண்டி வந்தாள். வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள். பிறகு நெக்ஸ்ட் அக்காவைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லலையா அக்கா?"

"நான் யாரு சொல்றதுக்கு? நீ சொன்னா சொல்லு. வேணாம்னா வேணாம். உள் ரூம் காலியா இருக்கு, வேணும்னா அங்க போய்ப் பேசுங்க."

பேக்கரிக்காரி கையிலிருந்த மாவை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு உள்ள? இவங்கல்லாம் கேட்டா கேக்கட்டும்" என்றாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒரு வியாதியும் இல்ல. பிள்ளை வேணாம்னு போட்டுக்கற ஊசி."

"என்கிட்ட ஒரு வார்த்தை…"

"சொன்னேன். வேணாங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னீங்க. மூணாவதுக்கு என்னை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போனப்ப நீங்களும் உங்கம்மாவும் கதவுக்கு வெளிய நின்னீங்க. உள்ள கிடந்தவ நான். நாலாவதுக்கு நான் உள்ள போறதா இல்ல. இருக்கற மூணுக்கும் நான் வேணும்."

வேன்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் தொங்கிப்போயிற்று.

"அக்கா, இன்னிக்குத்தானே நாள்? நர்ஸம்மா இருக்காங்கல்ல?" என்றாள் பேக்கரிக்காரி.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெக்ஸ்ட் அக்கா வரிசையை மீறி ஒருத்தியை உள்ளே அனுப்பினாள். கூடத்தில் ஒருவர்கூட முனகவில்லை. முழங்கால் வலி அம்மா தன் காலை மடக்கி வழிவிட்டாள். வேன்காரர் வெளியே போய் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் திருந்தி நல்லவராகிவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு வாரம் அண்ணன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். திரும்பி வந்த பிறகும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். மாமியார் இன்றுவரை கிளினிக் இருக்கும் தெருவழியாகப் போகமாட்டாள். ஆனால் பேக்கரிக்காரி ஒளிந்து ஒளிந்து ஓடிவருவது அன்றோடு நின்றது. நடந்து வருகிறாள்.

அன்று மாலையே நெக்ஸ்ட் அக்கா தான் கோத்த அம்புக்குறிகளை ஒன்று விடாமல் நிறுத்தினாள். சர்க்கரைக்காரர்களின் பிஸ்கட் வரியைக்கூட விட்டுவைக்கவில்லை. போனை எடுத்து, பழையபடி ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

மாப்பிள்ளை குதித்தார். "ஒரே ஒரு வீட்ல பிரச்சினை வந்துச்சுன்னு எல்லாத்தையும் நிறுத்துவீங்களா?"

"ஒரு வீடுன்னு உங்களுக்கு யார் சொன்னது? சத்தம் போட்டு வந்தது ஒரு வீடு."

டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் போய் நின்றார்கள். அவர் இருவர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். "பார்த்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். எந்தச் சண்டைக்கும் அவர் தீர்ப்பு அதுதான். அதை மாப்பிள்ளை தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். நெக்ஸ்ட் அக்காவும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டாள். வேலையை விட்டு நிற்கச் சொன்னதைப் பற்றி மாப்பிள்ளை பேசவில்லை. இவளும் ஞாபகப்படுத்தவில்லை.

மென்பொருளில் ஆளுக்கு ஒரு பக்கம் திறந்தாள். வருகிற ஒவ்வொருவரையும் தனியாக மேசைக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "இந்த போன் யார் கையில இருக்கும்?" கூட வந்தவர் பதில் சொன்னால், "உங்களக் கேக்கல" என்று அனுப்பிவிடுவாள். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. கல்லூரியில் படிக்கிற பெண்ணின் நம்பர் அவள் சித்தப்பாவிடம் இருந்தது. மூலத்துக்கு மருந்து சாப்பிடும் ஒரு வாத்தியாரின் செய்தியெல்லாம் அவர் மருமகள் போனுக்குப் போயிருந்தது. மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். சிலருக்குச் சொந்தமாகப் போனே இல்லை. அவர்களுக்காக ஒரு புது அம்பு கோத்தாள். செய்தி யாருக்கும் போகாது, நாள் வந்ததும் அவளுடைய திரைக்கு மட்டும் வரும். அதற்குப் பிறகு எங்கே கூப்பிடுவது, என்ன சொல்வது என்பது அவளுக்கும் அந்த ஆளுக்கும் உள்ள விஷயம். ஒருத்தர் சரி என்ற பிறகுதான் அவருடைய அம்பைத் திருப்பி ஓடவிட்டாள்.

இதெல்லாம் ஆமை வேகத்தில் நடந்தது. மாப்பிள்ளைக்கு வேகம் என்கிற வியாதி இருக்கிறதே, அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போதே மேசைமுன் வந்து நின்றார்.

"இப்படி ஒவ்வொருத்தரையா நோண்டிக்கிட்டிருந்தா எப்ப முடியும்? குடும்பத்துல என்ன ஒளிவு மறைவு வேண்டிக்கிடக்கு? எங்க வீட்ல எல்லாத்துக்கும் என் நம்பர்தான். என் மனைவி ஒரு நாளாவது குறை சொல்லியிருப்பாளா?"

"கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்கணும்?"

"அவங்களக் கேட்டீங்களான்னு கேட்டேன்."

"கேக்கவே வேணாம். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் அறைக்குப் போனார். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவர் இந்தக் கூத்தை மாமனாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அவர் மனைவி, டாக்டர் மகள்தான் பரிமாறிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் காலை டாக்டர் மகள் கிளினிக்குக்கு வந்தாள். வீட்டுப் பெண் பின்வாசல் வழியாக நேரே உள்ளே போகலாம். அவள் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்தாள். அவள் முறை வர வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். "என்ன வேணும், உள்ள வந்து சொல்லேன்" என்றார். "முறை வரட்டும்" என்றாள்.

முறை வந்ததும் எழுந்து வந்து, மேசைமேல் ஒரு போனை வைத்தாள். புதுசு. உறைகூடப் போடவில்லை.

"என் பேர்ல இருக்கற நம்பரை எடுத்துடுங்க. இந்த நம்பரப் போடுங்க."

மாப்பிள்ளை அறை வாசலில் நின்றிருந்தார். நெக்ஸ்ட் அக்கா அவரைப் பார்க்கவில்லை. பழைய நம்பரை அழித்தாள். புது நம்பரை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். பிறகு எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டாள்.

"இந்த போன் யார் கையில இருக்கும்?"

டாக்டர் மகள் மேசையிலிருந்த போனை எடுத்துக்கொண்டாள்.

"என் கையில" என்றாள், வாசலில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி.